குடும்பப் பயணமும் ஒரு குட்டி நோட்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடும்பத்தோடு எங்கே கிளம்பினாலும் சட்டைப் பையில் ஒரு குட்டி நோட்டு வைத்துக்கொள்வது என் பழக்கம். பார்க்கப் போகும் மலையைப் பற்றியும் அருவியைப் பற்றியும் யாராவது ஏற்கெனவே நன்றாக எழுதியிருப்பார்கள். நான் குறித்துவைப்பது வழியில் கண்ணில் பட்ட, காதில் விழுந்த சில்லறை விஷயங்களை மட்டும். இந்தப் பழக்கத்தைப் பற்றிச் சொந்தக்காரர்களும் நண்பர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

சில்லறை விஷயம் என்று எதைச் சொல்கிறீர்கள்?

ஒன்றைச் சொன்னால் புரிந்துவிடும். ஒரு மழை நாளில் காரில் போய்க்கொண்டிருந்தோம். உள்ளே ஆறு பேர் விட்ட மூச்சில் ஜன்னல் கண்ணாடி முழுக்க மங்கிப்போனது. சின்னவள் விரலால் மீசையோடு ஒரு பூனை வரைந்தாள். மழை நின்றது, கண்ணாடி தெளிந்தது, பூனையும் போயிற்று. அவள் முகம் வாடிவிட்டது. சாயங்காலம் மறுபடி மழை பிடித்துக்கொண்டது. கண்ணாடி மெல்ல மங்க, அதே பூனை அதே இடத்தில் மீசை மாறாமல் வந்து நின்றது!

விரலில் இருக்கும் எண்ணெய்ப் பசை கண்ணாடியில் ஒட்டிக்கொள்கிறது. பசை பட்ட இடத்தில் ஈரம் படிகிற விதம் மற்ற இடத்தைப் போல இருக்காது. அதனால் துடைக்காத வரை கோடு அங்கேயே இருக்கும், கண்ணாடி மங்கும்போது மட்டும் தெரியும். இது எனக்கும் அப்புறம்தான் தெரிந்தது. அன்றைக்கு நாங்கள் பார்க்கப் போன இடத்தின் பெயர் சின்னவளுக்கு நினைவில்லை. 'பூனை திரும்பி வந்த ஊர்' என்றால் அவளுக்குப் புரியும்.

எப்போது எழுதுவீர்கள்? வீட்டுக்கு வந்து நிதானமாக எழுதினால் ஆகாதா?

ஆகாது. நானும் முயன்று தோற்றிருக்கிறேன். ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற உளவியலாளர் அர்த்தமே இல்லாத அசைகளை மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகத்தில் மறக்கிறது என்று தன்னையே வைத்துச் சோதித்தார். 1885-இல் வெளியிட்ட அவருடைய கணக்குப்படி, ஒரு மணி நேரத்துக்குள் பாதிக்கு மேல் போய்விட்டது. அதற்கப்புறம் மறதியின் வேகம் குறைந்தது. அர்த்தமுள்ள விஷயங்கள் அவ்வளவு வேகமாக மறப்பதில்லை. ஆனால் ஒருவர் சொன்ன வாக்கியம், சொன்னபடியே, ராத்திரி வரைகூடத் தங்காது. 'பாட்டி ஏதோ வேடிக்கையாகச் சொன்னார்களே, என்னது?' என்று அறையில் எல்லோரும் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அதனால் கேட்டவுடன் நான்கு வார்த்தை கிறுக்கிவிடுவேன், படுக்கும் முன் அதை நான்கு வரியாக்குவேன். அவ்வளவுதான்.

போனில் படம் எடுத்தால் போதாதா?

படமும் எடுங்கள், நானும் எடுக்கிறேன். ஆனால் படம் எடுத்துவிட்டோம் என்ற நிம்மதியில் மனசு பார்ப்பதை நிறுத்திவிடும். லிண்டா ஹென்கல் என்ற அமெரிக்க உளவியலாளர் கல்லூரி மாணவர்களை ஓர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப்போய், சில பொருட்களைப் பார்க்க மட்டும், சிலவற்றைப் படம் எடுக்கச் சொன்னார். மறுநாள் கேட்டபோது, முழுதாகப் படம் எடுத்த பொருட்கள்தான் குறைவாக நினைவில் இருந்தன. ஆய்வு வெளியானது 2014-இல். அதில் எனக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான். ஒரு பொருளின் ஏதாவது ஒரு பாகத்தை மட்டும் நெருக்கிப் படம் எடுத்தவர்களுக்கு அந்தக் குறை இல்லை.

அதைப் படித்தபின் எங்கள் வீட்டில் ஒரு விளையாட்டு தொடங்கினோம். எல்லோரும் வரிசையாக நின்று எடுக்கும் படம் ஒன்று. மற்றபடி ஆளுக்கு மூன்று படம், மூன்றும் உள்ளங்கை அளவுக்கு மேல் பெரிய பொருளாக இருக்கக் கூடாது. பெரியவன் ஒரு முறை மூன்றையும் துருப்பிடித்த பூட்டுகளாகவே எடுத்து வந்தான். அந்த ஊரின் வேறு எந்தப் படத்தையும் நாங்கள் இத்தனை தடவை எடுத்துப் பார்த்ததில்லை.

போகும்போது நீளமாக இருக்கும் வழி திரும்பும்போது ஏன் குறைந்துபோகிறது?

இதைக் கேட்காத குழந்தை கிடையாது. தெரிந்த வழி என்பதால் என்றுதான் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். நெதர்லாந்து ஆய்வாளர்கள் சிலர் 2011-இல் வெளியிட்ட ஆய்வு அதைக் கொஞ்சம் ஆட்டிவிட்டது. அதே தூரமுள்ள வேறு வழியில் திரும்பியவர்களுக்கும் திரும்பும் பயணம் குறைவாகவே தோன்றியிருக்கிறது. அவர்கள் சொல்லும் காரணம் எதிர்பார்ப்பு. போகும்போது சீக்கிரம் வந்துவிடும் என்று நினைக்கிறோம், வருவதில்லை, அலுக்கிறது. திரும்பும்போது 'ஐயோ, அவ்வளவு தூரமா' என்று தயாராகவே ஏறுகிறோம், அதனால் சட்டென்று வந்துவிட்டது போல் இருக்கிறது.

அதனால் நான் இப்போதெல்லாம் போகும்போதே தாராளமாக நேரம் சொல்லிவிடுகிறேன். நான்கு மணி நேரம் என்றால் ஐந்தரை என்பேன். இரண்டு தடவை பலித்தது. மூன்றாம் தடவை, 'அப்பா அஞ்சரைன்னா நாலுன்னு அர்த்தம்' என்று பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

ஜன்னலோரத்தில் பிள்ளைகள் கேட்கும் கேள்விகளை எப்படிச் சமாளிப்பது?

சமாளிக்க வேண்டாம், எழுதிக்கொள்ளுங்கள். பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து பாருங்கள். எங்கள் நோட்டில் அதிகம் நிரம்பியிருப்பது இந்தப் பகுதிதான், அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன்.

நிலா ஏன் கூடவே வருகிறது? எல்லா வீட்டிலும் வரும் முதல் கேள்வி இதுதான். பக்கத்து மரம் விர்ரென்று பின்னால் ஓடுகிறது, தூரத்து மலை மெல்ல நகர்கிறது. அப்படியானால் இன்னும் தூரத்தில் இருப்பது? நிலா சுமார் 3,84,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. நாம் நூறு கிலோமீட்டர் போனாலும் அது தெரிகிற திசை கண்ணுக்குப் புலப்படும்படி மாறுவதில்லை. அதனால் கூடவே வருவது போல இருக்கிறது. மரம், மலை, நிலா மூன்றையும் ஒரே ஜன்னலில் காட்டினால் ஐந்து வயதுக்குப் புரிந்துவிடுகிறது.

பக்கத்துத் தண்டவாளத்து ரயில் கிளம்பும்போது நாம் கிளம்பியது போல ஏன் இருக்கிறது? ஜன்னல் முழுக்க ஒரே பொருள் ஒரே பக்கமாக நகர்ந்தால், நகர்வது நாம்தான் என்று மூளை எடுத்துக்கொள்ளும். மறுபக்க ஜன்னலில் நடைமேடைத் தூண் ஒன்றைப் பார்த்தால் ஏமாற்று உடனே கலைந்துவிடும். என் அம்மா எழுபது வயதில் முதல் முறையாக இதைக் கவனித்துவிட்டு, 'இத்தனை வருஷம் நான் ஏமாந்திருக்கேனா' என்று சிரித்தார்.

எதிரே வரும் வண்டியின் ஹாரன் நம்மைக் கடந்ததும் ஏன் கட்டை குரலாகிறது? நெருங்கி வரும்போது ஒலி அலைகள் நெருக்கமாக வந்து சேர்கின்றன, விலகும்போது இடைவெளி விடுகிறது. ஆஸ்திரியாவைச் சேர்ந்த கிறிஸ்டியன் டாப்ளர் 1842-இல் சொன்னது இது. 1845-இல் நெதர்லாந்தில் பைஸ் பாலட் என்பவர் ஊதுகொம்பு வாசிப்பவர்களை ரயிலில் ஏற்றி ஓட்டி, சுருதி தெரிந்தவர்களைத் தண்டவாளத்தின் ஓரம் நிறுத்திக் கேட்க வைத்துச் சரிபார்த்தார். ஹாரன் கேள்வியைவிட இந்தக் கதைதான் எங்கள் வீட்டில் பிரபலம். எந்த வண்டி கடந்தாலும் பெரியவன் வாயாலேயே சுருதி இறக்கிக் காட்டுவான். அரை மணி நேரத்துக்கு மேல் அதைத் தாங்க முடியாது.

நாம் எவ்வளவு வேகத்தில் போகிறோம்? முன்னால் எட்டிப் பார்த்து முள்ளைப் படிப்பதில் என்ன இருக்கிறது. ஒரு கிலோமீட்டர் கல்லிலிருந்து அடுத்த கல் வரை எத்தனை வினாடி என்று எண்ணச் சொல்லுங்கள். 3600-ஐ அந்த எண்ணால் வகுத்தால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வந்துவிடும். 60 வினாடி என்றால் 60, 45 வினாடி என்றால் 80. பின் சீட்டில் சண்டை மூண்ட நேரத்தில் இந்தக் கணக்கு எங்களைப் பல முறை காப்பாற்றியிருக்கிறது.

வளைந்த பாதையில் பிள்ளைக்குக் குமட்டுகிறது. இதில் எதைக் கவனித்து எழுதுவது?

அப்போது எழுத வேண்டாம், பிள்ளையைப் பாருங்கள். உள்காது உடம்பு ஆடுவதை உணர்கிறது. கண்ணோ புத்தகத்தையோ போனையோ பார்த்துக்கொண்டு, ஆட்டமே இல்லை என்கிறது. இந்த முரண்பாடுதான் குமட்டல். இரண்டு வயதுக்குள் அவ்வளவாக வராது, அதற்குமேல் பன்னிரண்டு வயது வரை அதிகம். போனை வாங்கி வைத்துவிட்டுத் தூரத்தில் அசையாத எதையாவது பார்க்கச் சொல்லுங்கள், கொஞ்சம் காற்று வரட்டும். என் நோட்டில் ஒரு பக்கத்தில் எழுத்து பாம்பு போல நெளிந்து பாதியிலேயே நின்றுவிடும். குமட்டியது எனக்குத்தான்.

மலைக்குப் போனால் குளிர்கிறது என்பதைத் தவிர எழுத ஒன்றும் தோன்றவில்லையே?

கையில் இருக்கும் பொருட்களைப் பாருங்கள். அடிவாரத்தில் தொய்ந்து கிடந்த, பிரிக்காத தின்பண்டப் பாக்கெட், மேலே போகப் போகத் தலையணை போல உப்பிவிடும். சுமார் 2000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கும். பாக்கெட்டுக்குள் இருப்பதோ கீழே அடைத்த காற்று, அது விரிகிறது. காது அடைப்பதும் இதே கதைதான், விழுங்கினால் திறந்துகொள்ளும். குளிரையும் எண்ணாக்கலாம். சராசரியாக ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி செல்சியஸ் குறைகிறது.

இறங்கும்போது இதைவிட வேடிக்கை. மேலே குடித்து முடித்த பிளாஸ்டிக் பாட்டிலை இறுக மூடிப் பைக்குள் போட்டிருந்தோம். கீழே வந்து எடுத்தால், யாரோ மிதித்தது போல நசுங்கிக் கிடந்தது. சின்னவள் அண்ணனைச் சந்தேகப்பட்டாள். மூடியைத் திறந்ததும் 'புஸ்' என்று காற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நிமிர்ந்தது. 'மலைக் காத்து போயிடுச்சு, ஏன் திறந்தீங்க' என்று அழுதாள். அவளுக்காக இன்னொரு முறை மேலே போக முடியுமா?

பெரியவர்களை அழைத்துப் போனால் பாதி இடம்கூடப் பார்க்க முடிவதில்லை. என்ன செய்வது?

யார் பார்ப்பதைச் சொல்கிறீர்கள்?

ஒரு பழைய கோட்டைக்குப் போயிருந்தோம். ஏகப்பட்ட படிகள். முழங்கால் வலி என்று அம்மா கீழேயே ஒரு கல் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். அவரைத் தனியாக விட்டுவிட்டோமே என்ற குற்ற உணர்வோடு நாங்கள் அவசரமாக மேலே ஏறிச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஒன்றரை மணி நேரம் கழித்து இறங்கினோம். கடைசிப் படிகள் வரும்போது அம்மா கையை உயர்த்தி, 'பாத்து, அந்த மூணாவது படி' என்றார். சொல்லி முடிப்பதற்குள் நான் தடுக்கினேன்.

அந்த ஒரு படி மட்டும் மற்றவற்றைவிட விரல் அளவு உயரம் கூடுதலாம். உட்கார்ந்த இடத்திலிருந்து அம்மா எண்ணியிருக்கிறார்: முதல் இருபது நிமிஷத்தில் பதினான்கு பேர் அங்கே தடுக்கினார்கள். அதற்கப்புறம் இறங்கி வந்த எல்லோருக்கும் எச்சரிக்கை சொல்லத் தொடங்கிவிட்டார். படிகள் ஒரே அளவாக இருக்கும்வரை கால் பார்க்காமலே பழகிக்கொள்ளும், ஒன்று கொஞ்சம் மாறினாலும் அங்கேதான் இடறும். தடுக்கியவர்களில் சிலர் திரும்பிப் படியை முறைத்தார்களாம், சிலர் செருப்பைப் பார்த்தார்களாம், ஒரு ஜோடி ஒருவரையொருவர் குற்றம் சொன்னதாம். குழந்தைகளில் ஒருவர்கூடத் தடுக்கவில்லை என்பதையும் கவனித்திருக்கிறார். அவர்கள் ஒவ்வொரு படியையும் பார்த்துப் பார்த்துத்தான் இறங்குகிறார்கள்.

மேலே போய் வந்த நாங்கள் எழுதியது மூன்று வரி. அம்மா சொல்லச் சொல்ல எழுதியது இரண்டு பக்கம். அப்போதிருந்து யாராவது உட்கார்ந்துவிட்டால் நானும் முறை போட்டுக்கொண்டு கூட உட்காருகிறேன்.

புது இடத்தில் முதல் ராத்திரி தூக்கமே வருவதில்லை. எங்களுக்கு மட்டுமா?

எல்லோருக்கும்தான். அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்டதன்படி, பழகாத இடத்தில் முதல் ராத்திரி ஆழ்ந்து தூங்கும் நேரத்திலும் மூளையின் இடப்பக்கம் வலப்பக்கத்தைவிடக் கொஞ்சம் விழிப்பாக இருக்கிறது, காவல்காரர் போல. அடுத்த முறை அந்த வித்தியாசம் இல்லை. முதல் ராத்திரி கேட்ட சத்தங்களை எழுதிவையுங்கள். குழாய் சொட்டுவது, யாரோ தாழ்ப்பாளை மூன்று முறை சரிபார்ப்பது, இப்படி. இரண்டாம் ராத்திரி அதே சத்தங்கள் காதில் விழாது.

கைக்குழந்தைக்கு எதுவும் நினைவிருக்கப் போவதில்லை. ஏன் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும்?

உங்களுக்கு நினைவிருக்குமே! பெரியவர்களிடம் கேட்டால் அவர்களுடைய முதல் நினைவு பெரும்பாலும் மூன்று, மூன்றரை வயதுக்குப் பிந்தையதாகத்தான் இருக்கும். அதற்கு முந்தியது தங்குவதில்லை. ஆனால் வீட்டில் சொல்லக் கேட்டது தங்கும். சின்னவளுக்கு ஒன்றரை வயதில் கடற்கரைக்குப் போனதை, அலையைப் பார்த்து அவள் கையெடுத்துக் கும்பிட்டதை, நான் எழுதிவைத்திருந்தேன். பல முறை வாசித்துக் காட்டியிருக்கிறேன். இப்போது அதை அவளே கண்ணால் பார்த்தது போலச் சொல்கிறாள், நான் எழுதாத ஒரு நாய்க்குட்டியையும் சேர்த்துக்கொண்டு. நாய்க்குட்டி இருந்ததா என்று எனக்கு இப்போது சந்தேகம் வந்துவிட்டது.

சண்டை, கோபம், வழி தவறியது, இதையெல்லாம் எழுதலாமா?

கட்டாயம் எழுதுங்கள், ஆனால் யார் தப்பு என்று தீர்ப்பு எழுதாதீர்கள். என்ன பேசினோம் என்பதை மட்டும் எழுதினால் போதும், ஆறு மாதம் கழித்து வாசிக்கும்போது அதற்குத்தான் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். முன்பதிவு செய்த அறை எங்கள் பெயரில் இல்லை என்று ஓர் இடத்தில் கைவிரித்துவிட்டார்கள். ராத்திரி பதினொரு மணி, பெட்டிகளின் மேல் உட்கார்ந்திருந்தோம். அப்போது என் மனைவி சொன்னது ஒரே வாக்கியம்: 'இதையும் எழுதிக்குங்க.' எழுதினேன். வேறு வழியில்லை, வேறு வேலையும் இல்லை.

முடிவு எப்படி இருந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். டேனியல் கானமன் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 1993-இல் வெளியிட்ட ஒரு சோதனை உண்டு. கை வலிக்கும் அளவுக்குக் குளிர்ந்த 14 டிகிரி செல்சியஸ் தண்ணீரில் 60 வினாடி கை வைப்பது ஒன்று. அதே 60 வினாடிக்கு மேல் இன்னும் 30 வினாடி வைத்திருந்து, அதற்குள் தண்ணீரை 15 டிகிரிக்கு மெல்ல ஏற்றுவது இன்னொன்று. திரும்பச் செய்வதானால் எது என்று கேட்டபோது பெரும்பாலானவர்கள் நீளமானதையே கேட்டார்கள். கடைசியில் வந்த சிறு ஆறுதல் மொத்த நினைவையே மாற்றியிருக்கிறது. அதனால் பயணத்தின் கடைசி நாளை அவசரமாகக் கட்டி முடிக்காதீர்கள். நாங்கள் கடைசிக் காலையில் ஒன்றும் வைத்துக்கொள்வதில்லை. பெட்டி மூடிய பிறகு சும்மா ஒரு நடை.

எழுதத் தெரியாதே, எப்படித் தொடங்குவது?

என் முதல் நோட்டு முழுக்க 'அருமையான காட்சி', 'மறக்க முடியாத அனுபவம்' என்றே இருக்கிறது. எது அருமை, எதை மறக்க முடியாது என்று இப்போது எனக்கே தெரியவில்லை. பெயர்ச்சொல்லும் பேசிய வார்த்தையும் போதும். 'மழை, மூன்று பேருக்கு ஒரு குடை, அப்பா நடுவில், இரண்டு தோளும் நனைந்தது' என்று எழுதினால் முடிந்தது. பிள்ளைகள் சொல்வதைத் திருத்தாமல் எழுதுங்கள். 'கடல் நிறுத்தாம கத்துதே, யாரும் திட்ட மாட்டாங்களா?' இதை நான் அழகுபடுத்தியிருந்தால் கெட்டுப்போயிருக்கும்.

நோட்டு எப்படிப்பட்டது? பேனாவா, பென்சிலா?

பென்சில். ஒரு அருவிக்குப் போய் வந்த மறுநாள் பார்த்தால் பேனாவில் எழுதிய நான்கு பக்கமும் நீலமாகக் கரைந்துவிட்டிருந்தன. பென்சில் கரி தண்ணீரில் கரையாது. அட்டை கெட்டியாக, பைக்குள் அடங்குவதாக இருக்கட்டும். கடைசிப் பக்கத்தைப் பிள்ளைகளுக்கு விட்டுவிடுங்கள். போன பயணத்தின் கடைசிப் பக்கத்தில் நான்கு பெட்டிகளும் அவற்றை எண்ணிக்கொண்டிருக்கும் ஓர் ஆளும் வரைந்திருக்கிறது. பக்கத்தில், 'அப்பா, அஞ்சாவது தடவை.'